தொண்டை வலி விடாம இருக்கா? மெடிக்கலில் மாத்திரை வாங்கும் முன் இதைப் படிங்க!

தொண்டை வலிச்சா பலரும் முதல்ல செய்றது, பக்கத்து மெடிக்கலுக்குப் போய் "ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்க"ன்னு கேட்பதுதான். அதில் சில நேரம் ஆன்டிபயாடிக்கும் சேர்ந்து வந்துவிடும். ஆனால், பெரும்பாலான தொண்டை வலிக்கு அது தேவையே இல்லை. தேவைப்படும் சிலருக்கோ ரெண்டு வேளை மாத்திரை போதவே போதாது. அது ஏன்?

எத்தனை நாளில் சரியாகும்?

தொண்டை வலிக்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். சளி, இருமல், மூக்கு ஒழுகுதலோடு வந்து, சுமார் ஒரு வாரத்தில் தானாகவே குறையும். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு கொப்பளிக்கலாம். வலிக்கு பாராசிட்டமால் போதும். தேன் இதமா இருக்கும். ஆனா ஒரு வயசுக்குக் குறைவான குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

ஆன்டிபயாடிக் யாருக்குத் தேவை?

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா தொற்று 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் அதிகம். கீழ்க்கண்டவை இருந்தால் டாக்டரிடம் காட்டுங்க:

* திடீர் வலி, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல்
* டான்சிலில் வெள்ளைத் திட்டு
* கழுத்தில் நெறி கட்டி, தொட்டால் வலி
* இருமல் இல்லாமல் இருப்பது

இதற்கு பென்சிலின் அல்லது அமாக்ஸிசிலின் வழக்கமாக 10 நாள் தரப்படும். ரெண்டு மூணு நாளில் வலி போயிடும். அதோடு மாத்திரையை நிறுத்திடாதீங்க. தொற்றைச் சரியாகக் குணப்படுத்தாவிட்டால், சில குழந்தைகளுக்கு அடுத்த 2 முதல் 4 வாரத்தில் ருமாட்டிக் காய்ச்சல் வரலாம். அது இதய வால்வையே நிரந்தரமாகப் பாதிக்கக்கூடியது.

வாரக்கணக்கில் நீடித்தால்?

அப்போது காரணம் தொற்றாக இல்லாமலும் இருக்கலாம்.

* நெஞ்செரிச்சல், காலையில் குரல் கம்முதல்: வயிற்று அமிலம் மேலே வரலாம். படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடிங்க.
* தும்மல், மூக்கடைப்பு: அலர்ஜியாக இருக்கலாம். வாயால் மூச்சு விட்டுத் தூங்கினாலும் தொண்டை வறளும்.
* ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்கள்: ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிக்கணும். இல்லைன்னா பூஞ்சைத் தொற்று வரலாம்.

இதைத் தள்ளிப்போடாதீங்க

வலியோ குரல் கம்மலோ 3 வாரத்தைத் தாண்டினால், கழுத்தில் கட்டி தெரிந்தால், ஒரு பக்கம் மட்டும் வலித்து காதுக்கும் பரவினால், காது மூக்கு தொண்டை நிபுணரைப் பாருங்க. புகை, பான் மசாலா, மதுப்பழக்கம் உள்ளவர்களுக்கு இது புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு அதிகம்.

மூச்சுத் திணறல், வாயைத் திறக்க முடியாமை, எச்சில்கூட விழுங்க முடியாத நிலை இருந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்க.

தொண்டை வலி வந்தால், எவ்வளவு வலிக்குதுன்னு மட்டும் பார்க்காம, எத்தனை நாளா இருக்குன்னும் கணக்கு வைங்க. டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று.