இறைவன் உளன் என்பதற்கு ஏது யாது?

வைகாசி விசாகப் பெருவிழாவில் திருச்செங்கோட்டுத் தேர் வடம் பிடித்து வீடு திரும்பும் தந்தையை மகன் வினவுகின்றான்: "கடவுள் உண்டென்பதற்குச் சான்று யாது?" தந்தை சினந்து அவன் வாயை அடக்குகின்றார். அன்று வாய் மூடியவன் மறு ஆண்டு விழாவுக்கு வருவதில்லை. இவ்விழப்பு யாரால் நேர்ந்தது என்பதை நாம் சிந்தித்தல் வேண்டும்.

இவ்வினா நம் மண்ணுக்குப் புதிதன்று. 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி 'திராவிடர் கழகம்' எனப் பெயர் பூண்டது பெரியார் தலைமையில் கூடிய சேலம் மாநாட்டிலேயாம். அதற்கு மிக முன்னரே, 13ஆம் நூற்றாண்டில், அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் முதற்கண் ஆராய எடுத்துக்கொண்டது கடவுளை மறுக்கும் உலகாயதர் கொள்கையையே. மறுப்பவர் கூற்றை முதலில் விரித்துரைத்துப் பின்னரே விடை பகர்ந்தார். வினாவை அடக்குதல் சைவ மரபன்று.

அவர்தம் ஆசிரியராகிய மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களால் ஆயது. அதன் முதற் சூத்திரம் 'நம்புக' என்று பணிக்கவில்லை. ஏதுக் காட்டி நிறுவுகின்றது. உலகம் பல உறுப்புகளை உடையது. அவை தோன்றி, நின்று, அழிகின்றன. அங்ஙனம் மாறுவது செயப்படுபொருள். அதற்குச் செய்வோன் ஒருவன் வேண்டும். உலகோ சடம், தானே தொழிற்படாது. உயிர்களும் உடல் பெற்ற பின்னரே அறிந்து செயற்படுவன. ஆதலின் அவை உலகைத் தோற்றுவித்தல் இயலாது. யாவும் ஒடுங்கிய பின்னும் ஒடுங்காது நிற்கும் ஒருவனே மீளத் தோற்றுவிக்க வல்லான். ஆகலின் அழிப்பவனே முதல்வன் என்பது சித்தாந்தத்தின் முடிபு.

இராசிபுரத்துப் பட்டுத்தறியை எண்ணிப் பார்ப்போம். நூல் முதற்காரணம், தறியும் நாடாவும் துணைக்காரணம், நெய்பவர் நிமித்த காரணம். மூன்றில் ஒன்று குறையினும் சேலை இல்லை. உலகுக்கு இவை முறையே மாயை, சத்தி, சிவன் என்க.

'நெய்வோரைக் கண்டுள்ளோம், உலகைச் செய்வோனைக் கண்டவர் யார்? சேலைக்குச் சொன்ன நியாயம் உலகுக்கு எங்ஙனம் ஒக்கும்?' என்பது தடை. ஸ்காட்லாந்து அறிஞர் டேவிட் ஹியூம் எழுதி, அவர் மறைவுக்குப்பின் 1779இல் வெளிவந்த நூலிலும் இவ்வகைத் தடை வலுவாக எழுப்பப்பட்டுள்ளது. இதனை எளிதாகத் தள்ளிவிடலாகாது. சித்தாந்தமோ ஒப்புமையை மட்டும் நம்பி நிற்கவில்லை. அறிவற்றது அறிவுடையதன் துணையின்றி முறைப்படத் தொழிற்படாது என்பதே அதன் அடிநிலை. விதை தானே முளைக்கின்றதே எனின், நிலமும் நீரும் பருவமும் கூடினாலன்றோ முளைக்கும்? அறிவற்ற அவற்றைக் கூட்டுவிப்பது யாது என்று மீண்டும் வினவும். இத்துடன் வழக்கு முடிந்தது என நாம் முழங்க வேண்டுவதில்லை. இன்னும் ஆராய்க என்பதே நம் விடை.

'உளன் எனின் காட்டுக' என்பாருக்குத் தாரமங்கலம் கயிலாசநாதர் கோயிலில் ஓர் உவமை உண்டு. அங்கே இராமன் உருவமுள்ள தூணிலிருந்து நோக்கின் வாலி தெரிவான். வாலியின் தூணிலிருந்து நோக்கின் இராமன் தெரியான். வாலியின் இடத்தில் நின்று 'இராமன் இல்லை' என்பவர் பொய் கூறவில்லை. தாம் நிற்கும் இடத்தையே கூறுகின்றார். இஃது இறைவன் உளன் என்பதற்குச் சான்று ஆகாது. காணாமை இன்மைக்குச் சான்று ஆகாது என்பதை மட்டும் காட்டும்.

ஏதுவால் அறியப்படுவது இறைவன் உளன் என்னும் அளவே. அவன் இன்ன தன்மையன் என்பதை அது முற்றும் காட்டாது. கண்ணாற் காணும் பொருள்போல் அறியப்படுபவனும் அல்லன், முற்றும் அறியப்படாத சூனியமும் அல்லன் என்று ஆறாம் சூத்திரம் உணர்த்துகின்றது. கதிரவன் ஒளியாலேயே கதிரவனைக் காணுமாறு போல, அவன் அருளாலேயே அவனைக் காணுதல் கூடும். அனுமானம் கோபுர வாயில், கருவறை அன்று. எனினும் வாயிலை அடைத்துவிட்டுக் கருவறைக்கு எவரையும் அழைத்தல் இயலாது.

ஆதலின், அன்பர்களே, அடுத்த தேர்நாளில் மகன் வினவுவானாயின், 'இங்கே அமர், சேர்ந்து ஆராய்வோம்' என்று கூறுவோமாக. அதுவும் சிவத்தொண்டே.