ஸ்பானிய மொழியின் மூன்று சுட்டுகள்

ஸ்பானிய மொழியைக் கற்கப் புகுகிறவர்கள், அண்மைக்கு ஒன்று சேய்மைக்கு ஒன்று என இரண்டு சுட்டுச் சொற்களை எதிர்பார்த்துச் சென்று, அங்கே எஸ்தே, எசே, அக்கெல் என்று மூன்று இருக்கக் கண்டு மயங்குவதுண்டு. பேசுகிறவர் கையிலுள்ள புத்தகம் ‘எஸ்தே லிப்ரோ’. கேட்கிறவர் பக்கத்திலோ சற்றுத் தள்ளியோ இருப்பது ‘எசே லிப்ரோ’. இருவருக்கும் எட்டாத தொலைவில் இருப்பது ‘அக்கெல் லிப்ரோ’. பொருளின் ஸ்தானத்தை நிர்ணயிக்கையில் கேட்கிறவரையும் கணக்கில் கொள்வதே இவ்வமைப்பின் விசேஷம்.

தமிழுக்கு இது அந்நியமன்று. தொல்காப்பியம் அ, இ, உ என்னும் மூன்றையும் சுட்டாகக் கூறுகிறது. அவற்றுள் உகரம் தமிழ்நாட்டுப் பேச்சில் மறைந்துபோயினும், ‘உது’, ‘உவன்’ என யாழ்ப்பாணத்தில் இன்றும் உயிரோடிருக்கிறது.

ஸ்பானியச் சுட்டுகள் மூன்றின் பூர்வ சரித்திரம் சுவையானது. லத்தீனில் ‘ஹிக்’ என்பது பேசுகிறவர் பக்கத்தையும், ‘இஸ்தே’ என்பது கேட்கிறவர் பக்கத்தையும், ‘இல்லே’ என்பது சேய்மையையும் சுட்டின. காலக்கிரமத்தில் ‘ஹிக்’ வழக்கொழியவே, ‘இஸ்தே’ அதனிடத்துக்குப் பெயர்ந்து ‘எஸ்தே’ ஆயிற்று. காலியான நடு ஆசனத்தில், ‘தானே’ என்று பொருள்பட்ட ‘இப்சே’ வந்தமர்ந்து ‘எசே’ ஆயிற்று. ‘இல்லே’யோ, ‘இதோ பார்’ என்னும் பொருளுடைய ஒரு சொல்லோடு கூடி ‘அக்கெல்’ ஆயிற்று.

பெயருக்கு முன் நிற்கையில் இவை அப்பெயரின் பாலையும் எண்ணையும் ஏற்கும்: எஸ்தே லிப்ரோ, இந்தப் புத்தகம், எஸ்தா காசா, இந்த வீடு, பன்மையில் எஸ்தோஸ் லிப்ரோஸ், எஸ்தாஸ் காசாஸ். பெயரை விட்டுவிட்டால் அதே வடிவங்கள் பிரதிப்பெயராகத் தனித்தும் நிற்கும். அவ்வாறு நிற்பதை வேறுபடுத்த முன்பு இட்டுவந்த எழுத்துக்குறி அவசியமில்லையென, 1713-இல் நிறுவப்பட்ட ஸ்பானிய அரச அகாதமி 2010-ஆம் ஆண்டின் எழுத்திலக்கண நூலில் கூறியது.

பெயர் தெரியாத வஸ்துவையோ, ஒரு விஷயம் முழுவதையுமோ குறிக்க எஸ்தோ, எசோ, அக்கெயோ என்னும் பொதுப்பால் வடிவங்கள் உண்டு. இவை பன்மை கொள்வதுமில்லை, பெயர்ச்சொல்லுக்கு முன் நிற்பதுமில்லை. ‘எஸ்தோஸ்’ என்பதன் ஒருமை ‘எஸ்தோ’ என்று கருதுவது மாணவர்களிடம் மிகச் சாதாரணமான பிழை. அதன் ஒருமை ‘எஸ்தே’யே.

இடத்தைப் போலவே காலத்தையும் இவை அளக்கின்றன: இன்று காலை ‘எஸ்தா மன்யானா’, என்றோ கழிந்த வருஷங்கள் ‘அக்கெயோஸ் அன்யோஸ்’. ஆகையால் வாய்பாட்டை மனனம் செய்வதோடு நில்லாமல், பொருள் யார் பக்கம் இருக்கிறதென்று பேசுமுன் கவனிக்கப் பழகுகிறவருக்கு, இம்மூன்று சொற்களும் விரைவில் வசமாகும்.