விற்பதற்கு முன் வில்லங்கம் நீங்கட்டும்

வீட்டை விற்க முடிவெடுத்ததும் பலர் முதலில் வெள்ளையடிக்கத் தொடங்குகின்றனர். ஆனால், வாங்குபவருக்குக் கடன் அளிக்கும் வங்கி முதலில் பார்ப்பது மூலப் பத்திரங்களையும் வில்லங்கச் சான்றிதழையுமே. கடைசித் தவணையைச் செலுத்திய பின்னரும் பழைய அடமானப் பதிவு நீங்காதிருந்தால், முன்பணம் பெற்ற விற்பனையும் தடைபடக்கூடும்.

ஆகவே, கடனை அடைத்த வாடிக்கையாளர்கள் மூன்றினை உறுதிசெய்துகொள்ள வேண்டுகிறோம். ஒன்று, ஒப்படைத்த பத்திரங்கள் அனைத்தும் பட்டியலின்படி திரும்பப் பெறப்பட்டிருக்க வேண்டும். இரண்டு, நிலுவையின்மைச் சான்று கையில் இருக்க வேண்டும். மூன்று, அடமானங்களுக்கான மத்தியப் பதிவேடாகிய செர்சாயிலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானம் பதிவாகியிருந்தால் அங்கும், அப்பதிவு நீக்கப்பட்டிருக்க வேண்டும்.

2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி ஆணையின்படி, கடன் முழுவதும் தீர்ந்த 30 நாள்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பியளித்து, அடமானப் பதிவை நீக்குவது எங்கள் கடமை. எங்களால் தாமதம் நேர்ந்தால் நாளொன்றுக்கு ரூ. 5,000 இழப்பீடு பெற உங்களுக்கு உரிமையுண்டு.

கடன் நிலுவையில் இருந்தாலும் வீட்டை விற்க வழியுண்டு. விலை பேசுவதற்கு முன்பே கிளையை அணுகி, நிலுவைத் தொகையையும் எங்களிடமுள்ள பத்திரங்களையும் குறிப்பிடும் கடிதம் பெறுங்கள். அதனை வாங்குபவரிடம் மறைக்காமல் காட்டுங்கள். சுவரின் புதுப்பூச்சைவிட அக்கடிதமே அவருக்கு அதிக நம்பிக்கை தரும்.