யூஎக்ஸ் வேலைன்னா என்ன? சீர்காழிக்காரர் சொன்ன நாலாவது விதி

(இந்த எபிசோடின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

"யூஎக்ஸ் டிசைனுக்குள்ள வரணும், எந்த சாஃப்ட்வேர் கத்துக்கணும்?" நமக்கு வர்ற மெசேஜ்ல அடிக்கடி பார்க்கிற கேள்வி இது. இந்தத் துறையில சில வருஷமா வேலை பார்க்கிறேன், அதனால தைரியமா பதில் சொல்றேன். சாஃப்ட்வேருக்குக் கடைசியில வருவோம். அதுக்கு முன்னாடி, இந்த வேலைக்கு எதுக்காகச் சம்பளம் கொடுக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கணும்.

ரெண்டு பெயர், ஒரே குடும்பம்

'இன்ஃபர்மேஷன் ஆர்க்கிடெக்ட்' என்ற பெயரை 1976-இல் முன்வைத்தவர் ரிச்சர்ட் சால் வர்மன். அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1984-இல் டெட் மாநாட்டைத் தொடங்கியவர்களில் ஒருவரும் இவர்தான். 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்' என்பது ஒரு பதவியின் பெயராக வந்தது 1990-களில். ஆப்பிள் நிறுவனத்தில் டான் நார்மன் தன்னை 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ் ஆர்க்கிடெக்ட்' என்று சொல்லிக்கொண்டார்.

எது எங்கே இருக்கணும், அதுக்கு என்ன பெயர் வைக்கணும் என்று முடிவு பண்றது இன்ஃபர்மேஷன் ஆர்க்கிடெக்சர். அதைத் தேடி வர்ற ஆளுக்கு, ஆப்பைத் திறந்ததுல இருந்து வேலை முடியிற வரைக்கும் என்ன நடக்குது என்று பார்க்கிறது யூஎக்ஸ். கலர், ஐகான், எழுத்துரு எல்லாம் இதுக்கு மேல வர்ற பூச்சு வேலை. முதல்ல வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம்னு தெரியணும் இல்லையா?

ஒரு ஓட்டுச்சீட்டு என்ன செய்யும்?

2000-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல். ஃபுளோரிடா மாநிலத்தில் பாம் பீச் என்ற மாவட்டம். வயசானவங்களுக்குப் படிக்க வசதியா இருக்கட்டும் என்று எழுத்தைப் பெரிசாக்கினாங்க. வேட்பாளர் பெயர்கள் ஒரே பக்கத்தில் அடங்கல. அதனால இடப் பக்கம் பாதி, வலப் பக்கம் மீதி, நடுவில் துளை போடும் வரிசை.

இடப் பக்கத்தில் புஷ் முதலாவது, அல் கோர் இரண்டாவது. ஆனா இரண்டாவது துளை வலப் பக்கத்தில் இருந்த புக்கானனுக்கு உரியது. கோருக்கு மூன்றாவது துளை! குழம்பிப்போய் ரெண்டு துளை போட்டவங்க நிறைய. ஒன்றுக்கு மேற்பட்ட துளை இருந்ததால அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 19,000-க்கும் அதிகமான ஓட்டுகள் செல்லாமல் போச்சு. மாநிலம் முழுக்க புஷ் ஜெயிச்ச வித்தியாசம் 537 ஓட்டு.

அந்தச் சீட்டில் எழுத்துப் பிழை கிடையாது. நோக்கமும் நல்லதுதான். பெயரும் துளையும் இருந்த இடம்தான் பிரச்சினை. அதைப் பத்துப் பாட்டிகளிடம் கொடுத்துப் பார்த்திருந்தால் தேர்தலுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். நம்ம வேலை அதுதான்.

கணக்கு வாத்தியார் கொடுத்த ஃபில்டர்

இந்தத் துறையின் முக்கியமான புத்தகம் ஒன்று 1998-இல் வந்தது. அட்டையில் பனிக்கரடி இருக்கும். எழுதிய லூயிஸ் ரோசன்ஃபெல்டும் பீட்டர் மோர்வில்லும் நூலக அறிவியல் படிச்சவங்க. நூலகத்துக்கும் ஆப்புக்கும் என்ன சம்பந்தம்? அங்கதான் நம்ம ஊர்க்காரர் வர்றார்.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1933-இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஒரு புத்தகத்தை முன்கூட்டியே போட்டு வெச்ச ஒரே பெட்டிக்குள்ள திணிக்காம, அதன் பல முகங்களைத் தனித்தனியாப் பிரிச்சுச் சேர்க்கிறது அவர் வழி. 'தமிழ்நாட்டில் 1950-களில் நெற்பயிர் நோய்' என்று ஒரு புத்தகம் இருந்தால், பயிர் ஒரு முகம், நோய் ஒரு முகம், இடம் ஒன்று, காலம் ஒன்று.

தீபாவளிக்குப் புடவை வாங்க ஆப்பில் நிறம், விலை, துணி என்று ஃபில்டர் போடுறோமே, அதுக்குள்ள இருக்கிற யோசனை இதுதான். அவருடைய ஐந்து நூலக விதிகளில் நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. 'வாசகர்' என்ற இடத்தில் 'யூசர்' என்று போட்டுப் பாருங்க. யூஎக்ஸ் வேலைக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கல.

தினசரி என்ன செய்வோம்?

ஆப்பில் இருக்கிற விஷயங்களை அட்டை அட்டையா எழுதி, பயன்படுத்தப் போறவங்க கையில் கொடுத்து, "உங்களுக்குத் தோணுற மாதிரி பிரிச்சு, ஒவ்வொரு குவியலுக்கும் பெயர் வைங்க" என்று சொல்வோம். இது கார்டு சார்ட்டிங். அப்புறம் படம், நிறம் எதுவும் இல்லாம வெறும் மெனுவை மட்டும் கொடுத்து, "பில் எங்கே கட்டுவீங்க?" என்று கேட்போம். இது ட்ரீ டெஸ்டிங்.

ஒரு மருத்துவமனை ஆப்புக்கு இதைச் செஞ்சப்போ, நிர்வாகம் 'டயக்னாஸ்டிக்ஸ்' என்று வெச்சிருந்த மெனுவை நோயாளிகள் யாரும் தொடவே இல்ல. அவங்க தேடினது 'ரிப்போர்ட்'. அந்த ஒரு சொல்லை மாத்தினதும் தேடுறது நின்னுச்சு.

தமிழில் வேலை இன்னும் நுணுக்கம். செட்டிங்ஸுக்கு 'அமைப்புகள்' என்று போட்டால், சங்கம், இயக்கம் மாதிரியும் அர்த்தம் வருது. பட்டனில் 'சமர்ப்பிக்கவும்' அடங்காது, 'அனுப்பு' அடங்கும். இதை முடிவு பண்ண, நம்ம ஊர் ஆட்கள் எப்படிப் பேசுறாங்கன்னு தெரிஞ்ச ஒருத்தர் வேணும். அந்த இடம் உங்களுக்காகக் காத்திருக்கு.

சரி, எப்படி நுழையிறது?

'இன்ஃபர்மேஷன் ஆர்க்கிடெக்ட்' என்ற பெயரிலேயே விளம்பரம் வர்றது அபூர்வம். யூஎக்ஸ் டிசைனர், யூஎக்ஸ் ரிசர்ச்சர், கன்டென்ட் டிசைனர், புராடக்ட் டிசைனர் என்ற பெயர்களில் தேடுங்க. சின்ன கம்பெனியில் ஒரே ஆள் எல்லாத்தையும் செய்யணும். பெரிய இடத்தில் தனித்தனி ஆட்கள் இருப்பாங்க. இலக்கியம், உளவியல், நூலக அறிவியல் படிச்சவங்களும் வரலாம்.

போர்ட்ஃபோலியோவுக்கு ஒரு பயிற்சி சொல்றேன். உங்க காலேஜ் வெப்சைட்டை எடுங்க. ஐந்து பேரைப் பிடிங்க. "ஸ்காலர்ஷிப் ஃபார்ம் எங்கே இருக்கு, கண்டுபிடி" என்று சொல்லிட்டு வாயை மூடிட்டு கவனிங்க. உதவி பண்ணக் கூடாது. எங்கே தடுமாறுறாங்க, எந்தச் சொல்லைத் தேடுறாங்க, எல்லாத்தையும் குறிச்சு வைங்க. ஐந்து பேர் போதும், திருத்திட்டு மறுபடி ஐந்து பேரிடம் கொடுங்க என்பது ஜேக்கப் நீல்சன் 2000-இல் சொன்ன வழி. இன்டர்வியூவில் அழகான இருபது ஸ்க்ரீனைவிட, "இதை ஏன் இங்கே வெச்சேன்" என்று காரணத்தோட காட்டுற ரெண்டு ஸ்க்ரீனுக்கு மதிப்பு அதிகம்.

சாஃப்ட்வேர்? ஃபிக்மா கத்துக்கோங்க. அடிப்படை சில வாரத்துல வந்துடும். ஸ்க்ரீன் வரைய இப்போ ஏஐ கூட இருக்கு. ஆனா அந்த ஃபார்ம் கிடைக்காம கடைசித் தேதியைத் தவறவிட்ட பையன் மெனுவில் எந்தச் சொல்லைத் தேடினான் என்பது, அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவங்களுக்குத்தான் தெரியும்.

பயிற்சியைச் செஞ்சு பார்த்துட்டு என்ன கண்டுபிடிச்சீங்கன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடில் உங்க போர்ட்ஃபோலியோ கேள்விகளை எடுத்துக்கலாம்.