பின்வரிசையில் நிற்கும் பிள்ளை

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கம் ஆண்டு விழா ஒத்திகை நடக்கும் எந்தப் பள்ளிக்குப் போனாலும், பின்வரிசை ஓரத்தில் ஒரு பிள்ளை நின்றுகொண்டிருக்கும். எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிற வயது. எல்லோரும் கையைத் தலைக்கு மேல் வீசும் இடத்தில் அதன் கை மட்டும் தோளோடு நின்றுவிடும். கண் முழுக்கப் பக்கத்தில் ஆடுகிறவரின் காலிலேயே இருக்கும். ஸ்டெப் எல்லாம் அதற்கு நன்றாகவே தெரியும். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு முழுப் பாட்டுக்கும் ஆடும். மாஸ்டர் பெயரைச் சொல்லி, "நீ முன்னாடி வாம்மா" என்று கூப்பிட்டால் தெரிந்ததும் மறந்துபோகும்.

"கூச்சம்தானே, வயசானா சரியாயிடும்" என்பார்கள் பெரியவர்கள். பலருக்குச் சரியாகியும் விடுகிறது. ஆனால் அந்த வயதில் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால், அந்த ஓரத்தில் நிற்பதற்கே எத்தனை துணிச்சல் வேண்டும் என்பது விளங்கும்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் லீயா சாமர்வில் குழுவினர் 2013-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 8 முதல் 23 வயது வரையிலான 69 பேரை ஒவ்வொருவராக ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, "உன் வயதுள்ள ஒருவர் இப்போது கேமரா வழியாக உன் முகத்தைப் பார்க்கிறார்" என்று மட்டும் சொன்னார்கள். உண்மையில் யாரும் பார்க்கவில்லை. செய்யச் சொன்ன வேலையும் எதுவும் இல்லை. பார்க்கப்படுகிறோம் என்ற எண்ணம் ஒன்றே போதுமானதாக இருந்தது. பதின்பருவத்தினர் தங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது என்று சிறுவர்களைவிட அதிகமாகச் சொன்னார்கள். தோலின் வியர்வையைக் கொண்டு உடலின் பதற்றத்தை அளந்தபோது அதுவும் கூடியிருந்தது. நெற்றிக்குப் பின்னால், மூளையின் முன்பகுதி நடுவில், தன்னைப் பற்றி நினைக்கும்போது வேலை செய்யும் பகுதியும் பதின்பருவத்தில் மும்முரமாக இயங்கியது. சும்மா படுத்திருப்பவருக்கே இந்தப் பாடு என்றால், முழங்கால், இடுப்பு, தோள் என்று எல்லாவற்றையும் அசைத்துக் காட்ட வேண்டிய பிள்ளையின் நிலை என்ன?

'எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்' என்ற இந்த நினைப்பை டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967-லேயே எழுதிவைத்தார். பதின்பருவத்தினர் தங்கள் முன்னால் எப்போதும் ஒரு கற்பனைக் கூட்டத்தை உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள் என்றார் அவர். வளர்ந்த பிறகும் அந்தக் கூட்டம் முழுசாகக் கலைவதில்லை. 2000-ல் வெளியான ஓர் ஆய்வில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிலோவிச், கல்லூரி மாணவர்களுக்கு வெட்கம் தரக்கூடிய ஒரு டி-சர்ட்டைப் போட்டுவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார். அறையில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டிருந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்கூட இல்லை.

இந்தக் கணக்கைப் பிள்ளையிடம் சொல்லிக் கூச்சத்தைப் போக்கிவிட முடியுமானால் வேலை சுலபம். வாயால் சொன்னதை உடம்பு நம்புவதில்லை. உடம்பை நம்பவைக்க உடம்பின் வழியாகத்தான் போக வேண்டும். நடனத்துக்கு இங்கேதான் வேலை இருக்கிறது.

பரத வகுப்பின் முதல் மாதத்தை எடுத்துக்கொள்வோம். டீச்சர் தரையில் உட்கார்ந்து தட்டுக்கழியால் கட்டையில் தட்டுவார். பிள்ளைகள் வரிசையாக அரைமண்டியில் நிற்பார்கள். முழங்கால் இரண்டு பக்கமும் விரிய, முதுகு நேராக, கை இடுப்பில். "தெய்யா தெய்" என்ற சொற்கட்டுக்கு வலது கால், இடது கால் என்று மாறி மாறித் தட்ட வேண்டும். இதுதான் தட்டடவு. அதையே முதல் காலத்திலும், அடுத்து அதன் இரட்டை வேகத்திலும், பிறகு அதற்கும் இரட்டை வேகத்திலும் தட்ட வேண்டும். பத்தே நிமிடத்தில் தொடை நடுங்கும், நெற்றியில் வியர்வை கொட்டும். காது கழியில், கால் தரையில், மனசு எண்ணிக்கையில். அந்த நேரத்தில் 'பக்கத்தில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்' என்ற கவலைக்கு மூளையில் இடம் குறைவு. கவலைப்படுவதற்கும் எண்ணிக்கை தவறாமல் காப்பதற்கும் வேண்டியிருப்பது அதே கவனம்தான். அதை ஒரே நேரத்தில் இரண்டுக்கும் பங்குபோடுவது கடினம்.

சில மாதங்கள் போனால் அடவு காலிலேயே பதிந்துவிடுகிறது. சிறுமூளையும், மூளையின் அடியிலிருந்து பழக்கங்களை நடத்தும் பகுதிகளும் பொறுப்பை எடுத்துக்கொள்கின்றன. சைக்கிள் ஓட்டப் பழகியவன் பெடலைப் பற்றி யோசிக்காதது போல, பிள்ளையும் காலைப் பற்றி யோசிப்பதில்லை. இப்போதுதான் கண்ணும் முகமும் விடுபடுகின்றன. பிள்ளை தலையை நிமிர்த்தி எதிரே பார்க்கத் தொடங்குவதும் அநேகமாக இந்தக் கட்டத்தில்தான்.

இதயத்துக்கும் இதில் பங்குண்டு. கூச்சமுள்ள பிள்ளைக்குப் படபடப்பு என்றாலே அபாயம். வகுப்பிலோ தினமும் இதயம் தடதடக்கிறது, அதனால் ஒன்றும் ஆகிவிடுவதில்லை. பயத்தால் வரும் உடல் அறிகுறிகளை வேண்டுமென்றே வரவழைத்துப் பழக்கப்படுத்துவது, திடீர்ப் பதற்ற நோய்க்கான உளவியல் சிகிச்சையில் நெடுநாளாக இருக்கும் முறை. நடன வகுப்பில் அது கேட்காமலே நடக்கிறது. தொழில்முறை நடனக் கலைஞர்கள் நாடி பிடித்துப் பார்க்காமலே தங்கள் இதயத் துடிப்பை மற்றவர்களைவிடத் துல்லியமாக எண்ணுகிறார்கள் என்று ஜூலியா கிறிஸ்டென்சன் குழுவினர் 2018-ல் காட்டினார்கள். உடம்புக்குள் நடப்பது நமக்குத் தெரியும்போது அது மிரட்டுவதும் குறையக்கூடும்.

உடம்பும் உணர்ச்சியும் இப்படிப் பிணைந்திருப்பது தமிழருக்குப் புதிய செய்தி அல்ல. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உணர்ச்சி மெய்யில் தோன்றும் வகைகள் எட்டு என்று வகுக்கிறது. அந்த எட்டில் அச்சமும் இளிவரல் என்னும் இழிவுணர்ச்சியும் இருக்கின்றன, பெருமிதமும் இருக்கிறது.

இதுவரை பார்த்தது ஒற்றைப் பிள்ளையின் கதை. கூட்டமாக ஆடும்போது வேறொன்றும் நடக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் பிரான்வின் டார் குழுவினர் பிரேசிலின் மராஜோ தீவில் 264 பள்ளி மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஆட வைத்தார்கள். சில குழுக்கள் எழுந்து முழு உடம்போடு ஆடின, சில உட்கார்ந்து கையை மட்டும் அசைத்தன. சில குழுக்களில் எல்லோருக்கும் ஒரே அசைவு, சிலவற்றில் ஆளுக்கொரு அசைவு. முன்னும் பின்னும் ரத்த அழுத்தப் பட்டையைக் கையில் இறுக்கி, எதுவரை தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். வலியைத் தாங்கும் அளவு கூடினால், மூளையில் எண்டார்ஃபின் சுரக்கிறது என்று மறைமுகமாகக் கொள்ளலாம். 2015-ல் வந்த முடிவு இது: உடம்பை வருத்தி ஆடுவதும் தாங்கும் அளவைக் கூட்டியது, ஒன்றுபோல் ஆடுவதும் தனியாகக் கூட்டியது. கூட ஆடியவர்களிடம் நெருக்கத்தையும் இரண்டுமே கூட்டின.

ஒயிலாட்டம், கும்மி, கோலாட்டம், பறையாட்டம் எல்லாமே இந்த இரண்டையும் ஒன்றாகக் கொண்டவை. வரிசையில் நிற்பவர் வரிசையோடு ஆடினால் போதும், தனியாக யாரும் தெரிய வேண்டியதில்லை. கூச்சமுள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. நம் ஊரில் இருக்கும் இந்தச் செல்வத்தை ஆண்டு விழாவில் ஐந்து நிமிடக் காட்சியாக மட்டும் வைத்திருக்கிறோம்.

இனி முக்கியமான ஆய்வுக்கு வருவோம். ஸ்வீடனில் ஒரெப்ரோ என்ற ஊர். தலைவலி, வயிற்றுவலி, சோர்வு, மனச்சுமை என்று பள்ளி நர்ஸிடம் அடிக்கடி போய் நின்ற 13 முதல் 18 வயது வரையிலான 112 பெண்களை அன்னா டூபெரி குழுவினர் தேர்ந்தெடுத்தார்கள். குலுக்கல் முறையில் 59 பேர் நடனத்துக்கு, 53 பேர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. பள்ளி விட்ட பிறகு வாரம் இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் 75 நிமிடம், எட்டு மாதம். நோக்கம் ஆடும் சந்தோஷம் மட்டுமே. நன்றாக ஆட வேண்டும் என்ற நெருக்கடி வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டது. தங்கள் நலம் எப்படி இருக்கிறது என்று அவர்களே மதிப்பிட்டபோது, ஆடிய பெண்களின் மதிப்பு மற்றவர்களைவிட அதிகம் உயர்ந்திருந்தது. வகுப்பு முடிந்து ஓராண்டு ஆன பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை. அது நல்ல அனுபவமாக இருந்தது என்று 91 சதவீதம் பேர் சொன்னார்கள். 2013-ல் ஒரு முன்னணி குழந்தை மருத்துவ இதழில் வந்த ஆய்வு இது.

தென்கொரியாவில் லேசான மனச்சோர்வு உள்ள 40 மாணவியருக்கு 12 வாரம் நடன சிகிச்சை நடத்தி 2005-ல் வெளியிட்ட ஆய்விலும் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் எல்லை மீறிக் கொண்டாடுவது சரியல்ல. மருத்துவ ஆய்வுகளைச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு, மனச்சோர்வுக்கு நடன சிகிச்சை உதவுமா என்று 2015-ல் அலசியபோது தகுதியானவையாக மூன்று ஆய்வுகளே தேறின. மொத்தம் 147 பேர். உறுதியாக எதுவும் சொல்ல இது போதாது என்றது காக்ரேன். ஒரெப்ரோவிலும் கொரியாவிலும் ஆடியவர்கள் எல்லோரும் பெண்கள். பையன்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு பிள்ளை பள்ளிக்கே போக மறுத்தால், சாப்பாட்டை ஒதுக்கினால், தன்னைக் காயப்படுத்திக்கொண்டால், முதலில் தேவை மனநல மருத்துவர். நடனம் அதற்குப் பிறகு, அதோடு சேர்ந்து.

நெஞ்சை நிமிர்த்தி இரண்டு நிமிடம் நின்றால் ஹார்மோனே மாறித் தன்னம்பிக்கை வந்துவிடும் என்று 2010-ல் ஓர் ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 2015-ல் கூடுதல் ஆட்களோடு திரும்பச் செய்தபோது அந்த ஹார்மோன் மாற்றம் தென்படவில்லை. இரண்டு நிமிடத்தில் வருவதாகச் சொன்னது நிற்கவில்லை. நின்றது ஒரெப்ரோவின் எட்டு மாதப் பழக்கம்.

பாடம் நடத்தும் விதமும் பலனை மாற்றும். புறநகரில் மாடிக்கு மாடி முளைத்திருக்கும் டான்ஸ் ஸ்டூடியோக்களில் சுவர் முழுக்கக் கண்ணாடி இருக்கிறது, வகுப்பு முடிந்ததும் ரீல்ஸ் எடுக்கிறார்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் சாலி ராடெல், பாலே கற்கத் தொடங்கிய மாணவியரைக் கண்ணாடி உள்ள வகுப்பிலும் இல்லாத வகுப்பிலும் வைத்து ஒப்பிட்டார். மெதுவான அசைவுகளில் கண்ணாடி இல்லாத வகுப்பினரே அதிகம் முன்னேறினார்கள். கண்ணாடி முன்னால் நின்றால் கவனம் அசைவின் உணர்விலிருந்து தோற்றத்துக்குத் தாவிவிடுகிறது. செல்போன் கேமராவும் இதைத்தான் செய்யும் என்று நினைக்க நியாயம் உண்டு. சாமர்வில்லின் ஸ்கேன் அறையில் இருந்ததாகச் சொன்னதும் கேமராதானே. முதல் சில மாதங்களாவது கண்ணாடிக்குத் திரை போட்டு, போனைப் பையில் வைத்துவிட்டு வகுப்பு நடத்தினால் பின்வரிசைப் பிள்ளைக்குப் பெரிய உபகாரம்.

யாரை உள்ளே விடுகிறோம் என்பதும் முக்கியம். தென்சென்னையிலேயே வளர்ந்த ஒரு கதை உண்டு. 1953-ல் கேரளத்தின் பையனூரிலிருந்து ஏழை ஆசிரியர் குடும்பத்துப் பையன் ஒருவன் ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்ராவுக்கு வந்து சேர்ந்தான். வயது 14. கதகளி ஆசான் சந்து பணிக்கர் ஊரில் பிள்ளைகளைத் தேடியபோது தந்தை அனுப்பிவைத்த பிள்ளை. ஆட்டம் அவன் அதுவரை பழகியதல்ல. அந்தப் பையன்தான் பின்னாளில் மனைவி சாந்தாவோடு அடையாறில் பரத கலாஞ்சலியைத் தொடங்கிய வி.பி.தனஞ்செயன். 2009-ல் இருவருக்கும் பத்மபூஷண் கிடைத்தது. திறமையைச் சோதித்து, தேறியவர்களை மட்டும் எடுப்போம் என்ற கதவு அன்று இருந்திருந்தால் அந்தப் பையன் உள்ளே வந்திருப்பானா?

இன்னொரு கதை மதுரையில் தொடங்குகிறது. நர்த்தகி நடராஜ் சிறுவயதில் தன் பெண்மையைச் சொல்ல முடியாமல், கேலிக்கும் ஒதுக்கலுக்கும் நடுவே வளர்ந்தவர். வாயால் சொல்ல முடியாததை உடம்பு சொன்னது. சினிமாவில் வைஜயந்திமாலா ஆடியதைப் பார்த்தே அவர் ஆடப் பழகினார். தோழி சக்தியோடு தஞ்சை நால்வர் வழிவந்த கே.பி.கிட்டப்பா பிள்ளையைத் தேடிப் போனார். ஓராண்டு காத்திருந்த பிறகே பாடம் தொடங்கியது. குருவோடு இருந்து கற்றது பதினைந்து ஆண்டுகள். நர்த்தகி என்ற பெயரும் குரு வைத்ததுதான். 2019-ல் பத்மஸ்ரீ பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் திருநங்கை அவரே. இதை வெறும் கூச்சம் தெளிந்த கதை என்று சுருக்குவது அவர் பட்டதைக் குறைத்துச் சொல்வதாகும். ஆனாலும், ஏற்றுக்கொள்ளும் ஒரு குரு, நெடுநாள் சாதகம், தன் உடம்பைத் தானே மதிக்கக் கிடைத்த ஒரு மொழி ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஒருவர் எவ்வளவு தூரம் வரலாம் என்பதற்கு இவரைவிடச் சாட்சி இல்லை.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டி ஏறுகிறது. மேடையே பார்த்திராத எத்தனையோ பிள்ளைகளை அது வெளிச்சத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. அதை வரவேற்க வேண்டும். ஆனால் போட்டி என்பது படிக்குப் படி ஆட்களைக் குறைத்துக்கொண்டே போவது. பின்வரிசைப் பிள்ளை முதல் படியிலேயே நின்றுவிடும், பல நேரம் பெயரே கொடுக்காது. ஒரெப்ரோவில் தேவைப்பட்டது ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் வாரத்துக்கு இரண்டு மாலையும். செலவைக் கணக்கிட்டுப் பார்த்த பின்னாய்வு, பலனோடு ஒப்பிட்டால் அது தகுந்த செலவே என்றது.

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளை இணைத்து 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். அந்த ஓர் அறைக்கு இந்தப் பகுதிகளில் பள்ளிக்கூடங்களும் சமுதாயக்கூடங்களும் இருக்கின்றன. முகூர்த்தம் இல்லாத வார நாள் மாலையில் ஒரு கூடத்தைத் திறந்துவிட்டு, ஒயிலாட்டமோ பறையோ சினிமா ஸ்டெப்போ தெரிந்த ஓர் ஆசிரியரை உட்கார வைக்கலாம். சேருவதற்குத் தேர்வு வேண்டாம், பெற்றோர் உட்கார்ந்து பார்க்க நாற்காலியும் வேண்டாம். ஆண்டு முடிவில் மேடை ஏறுவதா வேண்டாமா என்பதை ஆடிய பிள்ளைகளே சொல்லட்டும்.