ஒன்பதாம் நாள் மலர்

சிங்கப்பூரின் பழைய சாலைகளில் கிளைபரப்பி நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களின் கீழே நாள்தோறும் நம்மில் எத்தனை பேர் நடக்கிறோம்! நிழலை வாங்கிக்கொண்டு, பேருந்தைப் பிடிக்க விரைகிறோம். அண்ணாந்து பார்த்தவருக்கே அது தென்படும்: உயர்ந்த கிளைகளின் மேல், பெரணிகளுக்கு நடுவே, மெலிந்த தண்டுகளோடு ஒரு செடி குடியிருக்கிறது. பூவில்லாத நாளில் அதற்கு எந்த அழகும் இருப்பதாகத் தோன்றாது. மலாய் மக்கள் அதை ‘அங்கெரிக் மெர்பாத்தி’ என்பார்கள், புறா ஆர்க்கிட்.

இலங்கை, அந்தமான் தொடங்கி மலாயா, ஜாவா, பிலிப்பைன்ஸ் வரை, வெப்பமண்டலத் தாழ்நிலங்களே அதன் தாய்வீடு. மண்ணை அது கேட்பதில்லை. மரத்தைப் பற்றி நிற்கும். மரத்தின் சாற்றில் ஒரு துளியும் உறிஞ்சாது. வேர்களைப் போர்த்தியிருக்கும் பஞ்சு போன்ற வெண்தோல், பட்டையில் வழிந்தோடும் மழைநீரை ஏந்திக்கொள்கிறது. தண்டின் அடியிலுள்ள பருத்த பகுதி, வெயில் நாட்களுக்கென்று அதைக் காத்து வைக்கிறது.

ஆனால் நம்மைக் கைகூப்ப வைப்பது அது பூக்கும் முறை. மொட்டுகள் ஓரளவு வளர்ந்து, அப்படியே நின்றுவிடுகின்றன. உறங்குகின்றன. பிறகொரு பிற்பகலில் வானம் கறுத்து, இடி முழங்கி, பெருமழை கொட்ட, காற்றின் வெப்பம் சட்டென்று 5 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்குகிறது. எழுப்புவது அந்தத் திடீர்க் குளிர்ச்சிதான். உறங்கிய மொட்டுகள் மீண்டும் வளர்கின்றன. ஒன்பதாம் நாள் விடியலில், அந்த மழை குளிர்வித்த வட்டாரமெங்கும், ஒன்றையொன்று கண்டிராத மரங்களின் மேலெல்லாம், ஒரே காலையில் விரிகின்றன! சிறகு விரித்த வெண்புறாக்கள், தொண்டையில் மட்டும் ஒரு துளி மஞ்சள், இனிய மணம். மாலைக்குள் வாடிவிடும்.

ஒரே நாள் வாழ்வு. அந்த ஒரு நாளில் தன் இனத்தின் வேறொரு செடியும் பூத்திருந்தால்தானே மகரந்தம் கைமாறும்? தனித்து முந்திக்கொண்ட பூவுக்கும் பிந்திவிட்ட பூவுக்கும் துணையில்லை. அதனால்தான் இந்தக் காத்திருப்பு. கடிகாரம் கட்டிய நமக்கே பத்துப் பேரை ஒரு வேளைக்குச் சேர்ப்பது பெரும்பாடு. மூளையும் மொழியுமில்லாத இச்சிறு செடிகளை வானத்தின் ஒரு குளிர்மூச்சு ஒன்றுகூட்டிவிடுகிறதே! அந்தக் காலையில் தேனீக்கள் வருகின்றன. மகரந்தம் இங்கே பொடியாக உதிர்வதில்லை. சிறு கட்டியாகத் திரண்டு, தேனீயின் மேல் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் பயணம் போகிறது.

பின்னர் காய் முற்றி வெடிக்கையில், தூசியினும் நுண்ணிய விதைகள் காற்றில் ஏறுகின்றன. பயணத்துக்குக் கட்டுச்சோறு ஏதும் கட்டித்தரவில்லை தாய்ச்செடி. விதைக்குள் உணவுச் சேமிப்பே கிடையாது. ஏதோவொரு கிளையின் பட்டை வெடிப்பில் தங்கி, அங்கே வாழும் ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் அது முளைக்கும்.