காசநோய்ச் சோதனைகள்: எது எதைக் காட்டும், எதைக் காட்டாது

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்கவில்லை என்றால் சளியைச் சோதிக்க வேண்டும் என்று பல காலமாகச் சொல்லி வருகிறோம். எந்தச் சோதனை என்பதைப் பற்றித்தான் பேச்சு குறைவு. ஒரே டப்பாவில் கொடுத்த சளியை மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம், சிபிநாட்டில் போடலாம், ட்ரூநாட்டில் போடலாம், வளர்சோதனைக்கு அனுப்பலாம். நான்கும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. "டெஸ்ட் எடுத்தாச்சு, ஒன்றுமில்லையாம்" என்று வீடு திரும்புகிறவருக்கு உண்மையிலேயே ஒன்றுமில்லையா என்பது, எடுத்தது எந்தச் சோதனை என்பதைப் பொறுத்தது.

காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக ராபர்ட் கோக் பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24இல். அதையொட்டி உருவான சாயமேற்றிப் பார்க்கும் முறைதான் நூறாண்டுகளுக்கு மேலாக உலகின் பெரும்பகுதிக்குக் காசநோய்ச் சோதனை. மலிவானது, நோயை அதிகம் பரப்புகிறவர்களைச் சட்டென்று காட்டிவிடும். ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். குழந்தைகள், எச்ஐவி உள்ளவர்கள், நோயின் தொடக்கத்தில் இருப்பவர்கள் ஆகியோரின் சளியில் பல நேரம் அவ்வளவு இருக்காது. எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பதையும் மைக்ராஸ்கோப் சொல்லாது. வளர்சோதனை சொல்லும், நூறுக்கும் குறைவான கிருமிகள் இருந்தாலே வளர்த்துக் காட்டிவிடும். ஆனால் இந்தக் கிருமி ஒருமுறை இரண்டாகப் பிரியவே ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது. 'இல்லை' என்று உறுதியாகச் சொல்ல ஆறு வாரம்வரை காத்திருக்க வேண்டும். அந்த ஆறு வாரமும் நோயாளி வீட்டில்தான் இருமிக்கொண்டிருப்பார்.

மூலக்கூறு சோதனைகள் கிருமியைத் தேடுவதில்லை, அதன் மரபணுத் துண்டைத் தேடுகின்றன. சளியிலிருந்து பிரித்தெடுத்த துண்டைப் படியெடுத்துப் பெருக்குகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை இரட்டிக்கும். 30 சுற்று முடிந்தால் ஒரு துண்டு கொள்கை அளவில் நூறு கோடியைத் தாண்டும். அவ்வளவு பெருகிய பின் ஒளிரும் சாயத்தைக் கொண்டு அதைக் கண்டுகொள்வது எளிது.

நம்மூரில் சிபிநாட் என்று வழங்குவது செஃபைட் நிறுவனத்தின் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியில் ஓடும் எக்ஸ்பர்ட் சோதனை. உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் இதைப் பரிந்துரைத்தது. சளியில் ஒரு திரவத்தைக் கலந்து கார்ட்ரிஜில் ஊற்றி வைத்துவிட்டால் மற்றவற்றைக் கருவி பார்த்துக்கொள்ளும். இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு. இதில் என்னை வியக்க வைப்பது அது தேர்ந்தெடுத்த இலக்குதான். ஆர்பிஓபி என்ற மரபணுவில் 81 எழுத்துகள் நீளமுள்ள ஒரு சிறு பகுதி. காசநோயின் முதன்மை மருந்தான ரிஃபாம்பிசினை எதிர்த்துத் தாக்குப்பிடிக்கும் கிருமிகளில் ஏறத்தாழ 95 விழுக்காட்டுக்கு மாற்றம் அங்கேதான் நடந்திருக்கும். ஆகவே அந்தத் துண்டு கிடைத்தால் காசநோய். அதில் எழுத்து மாறியிருந்தால் மருந்துக்கு அடங்காத காசநோய். ஒரே இடத்தைப் படித்து இரண்டு பதில்.

2017இல் அதன் அடுத்த வடிவமான அல்ட்ரா வந்தது. கிருமியின் மரபணுத் தொகுப்பில் பல பிரதிகளாகக் கிடக்கும் இரண்டு துண்டுகளையும் இது சேர்த்துத் தேடுகிறது. பழைய எக்ஸ்பர்ட்டுக்கு மில்லிலிட்டருக்கு நூற்றுச் சொச்சம் கிருமிகள் தேவை. அல்ட்ராவுக்கு 16 போதும். அப்படியானால் அல்ட்ராதான் சிறந்ததா? இங்கேதான் நிதானம் வேண்டும்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வின்படி, நோய் உள்ளவர்களைக் கண்டுபிடிப்பதில் எக்ஸ்பர்ட் 84.7 விழுக்காடு, அல்ட்ரா 90.9. நோய் இல்லாதவர்களை 'இல்லை' என்று சரியாகச் சொல்வதில் எக்ஸ்பர்ட் 98.4, அல்ட்ரா 95.6. இருமலோடு வந்த ஆயிரம் பேரில் நூறு பேருக்குக் காசநோய் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். எக்ஸ்பர்ட் 85 பேரைப் பிடிக்கும், 15 பேரைத் தவறவிடும். அல்ட்ரா 91 பேரைப் பிடிக்கும். கூடுதலாக ஆறு பேர், ஆறு குடும்பம். மறுபக்கம், நோயில்லாத 900 பேரில் எக்ஸ்பர்ட் 14 பேரைத் தவறாக நோயாளி என்று காட்டும். அல்ட்ரா 40 பேரைக் காட்டும். அந்த 40 பேரும் ஆறு மாதம் மாத்திரை விழுங்க நேரிடலாம்.

இந்தத் தவறு கண்மூடித்தனமாக எல்லோர் மீதும் விழுவதில்லை. முன்பு காசநோய் வந்து குணமானவர்களின் நுரையீரலில் செத்த கிருமிகளின் மரபணுத் துண்டுகள் பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கும். உயிருள்ள கிருமியா, செத்ததா என்று மூலக்கூறு சோதனைக்குத் தெரியாது. அல்ட்ரா முடிவில் 'சுவடு' என்றொரு வகை உண்டு: ஏதோ மிகக் கொஞ்சம் தென்படுகிறது என்று பொருள். குழந்தைக்கோ எச்ஐவி உள்ளவருக்கோ சுவடு வந்தால் அதை நோயாகவே கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் முழு மருந்தும் சாப்பிட்டு முடித்தவருக்கு அதே சுவடு வந்தால், எக்ஸ்ரே, அறிகுறி, வளர்சோதனை எல்லாம் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பழைய நோயை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். அந்த ஒரு தகவல் முடிவின் பொருளையே மாற்றிவிடும்.

ட்ரூநாட் இந்தியாவில் பிறந்தது. பெங்களூரின் பிக்டெக் ஆய்வகத்தில் உருவாகி, கோவாவின் மோல்பயோ நிறுவனம் தயாரிப்பது. 2020இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏற்பைப் பெற்றது. கொரோனா காலத்தில் இந்தப் பெயர் பலரின் காதில் விழுந்திருக்கும். ஒரு பெட்டி மரபணுவைப் பிரிக்கும். இன்னொன்று விரல்நுனி அளவுச் சிப்பில் அதைப் பெருக்கிப் பார்க்கும். ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்குத் துளியளவு திரவத்தை அளந்து மாற்றும் கைவேலை உண்டு. ரிஃபாம்பிசின் எதிர்ப்பு தெரிய வேண்டுமானால் இரண்டாவதாக ஒரு சிப்பும் இன்னும் ஒரு மணி நேரமும் தேவை. மைக்ராஸ்கோப் மட்டுமே இருக்கும் சிறிய மையங்களில் இந்தியா, எத்தியோப்பியா, பெரு, பப்புவா நியூ கினி ஆகிய நாடுகளில் சோதித்தபோது, ட்ரூநாட் 73 விழுக்காடும் அதன் மேம்பட்ட வடிவமான ட்ரூநாட் பிளஸ் 80 விழுக்காடும் நோயாளிகளைக் கண்டுபிடித்தன. தாளில் எக்ஸ்பர்ட்டைவிடக் குறைவாகத் தெரியும். ஆனால் வெவ்வேறு ஆய்வு, வெவ்வேறு நோயாளிகள், வெவ்வேறு இடம். இந்த எண்களை நேருக்கு நேர் நிறுத்தக் கூடாது. ட்ரூநாட் பேட்டரியில் ஓடும், ஏசி அறை கேட்காது. ஜீன்எக்ஸ்பர்ட்டுக்குத் தடையில்லா மின்சாரமும் 30 டிகிரிக்கு மேல் போகாத அறையும் வேண்டும். மாவட்டத் தலைநகருக்குச் சளி போய்ச் சேர்ந்து முடிவு திரும்புவதற்குள் நோயாளி வேலை தேடி வேறு ஊர் போய்விட்டால், எந்த விழுக்காடும் அவரைக் காப்பாற்றாது.

தென்னாப்பிரிக்கா 2011 முதல் நாடு முழுவதும் எக்ஸ்பர்ட்டைக் கொண்டுவந்தது. மைக்ராஸ்கோப் பயன்படுத்திய மையங்களோடு ஒப்பிட்ட ஆய்வில், இறப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. சோதனைமீது குறையில்லை. 'இல்லை' என்று வந்தவர்களை அடுத்த சோதனைக்கு அழைக்க ஆளில்லை; 'உண்டு' என்று வந்த சிலரும் மருந்து தொடங்காமலே போனார்கள்.

ரத்தத்தில் எதிரணுக்களைப் பார்த்துக் காசநோய் சொல்லும் சோதனைகளை இந்திய அரசு 2012இலேயே தடைசெய்துவிட்டது. யாராவது அப்படி ஒன்றை எழுதிக்கொடுத்தால் மறுத்துவிடலாம்.

'ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை' என்ற வரியையும் அளவோடு நம்ப வேண்டும். ரிஃபாம்பிசினோடு சேர்த்துக் கொடுக்கும் ஐசோனியாசிட்டுக்குக் கிருமி அடங்குமா என்பது சிபிநாட்டிலோ ட்ரூநாட்டின் வழக்கமான சிப்புகளிலோ தெரியாது. அதற்கு எல்பிஏ (லைன் புரோப் அஸே) போன்ற வேறு மூலக்கூறு சோதனை வேண்டும். எஸ்வாட்டினி நாட்டில் ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமிகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கு மாற்றம் அந்த 81 எழுத்துகளுக்கு வெளியே இருந்தது. எக்ஸ்பர்ட் அவற்றைச் சாதாரணக் காசநோய் என்றே காட்டியது. சிகிச்சை தொடங்கிய பின் முன்னேற்றத்தைப் பார்க்கவும் இந்தக் கருவிகள் உதவாது, செத்த கிருமியையும் எண்ணிவிடும் என்பதால். அந்த வேலைக்கு இன்றும் பழைய மைக்ராஸ்கோப்பும் வளர்சோதனையும்தான். மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டும் இரண்டு மாதம் கழித்துச் சளியில் கிருமி தெரிந்தால், முதல் நாள் சீட்டில் என்ன எழுதியிருந்தாலும், அந்தச் சளியை வளர்சோதனைக்கும் மருந்து எதிர்ப்புச் சோதனைக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.